பள்ளிக்குப் போகாத பிள்ளையும் பரீட்சை ஹாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தவர்கள். மூத்தவள் பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் வகுப்புக்குப் போகாமலே தேர்வு எழுத வழிவிடும் திறந்தநிலைப் பள்ளி மூலமாக எழுதி முடித்துவிட்டாள். சின்னவன் இந்த வருஷம்தான் முதல் பேப்பர் எழுதப் போகிறான். வீட்டுக்கல்விப் பெற்றோர் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் பரீட்சையில்தான் வந்து நிற்கும். அப்படி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை.

வீட்டில் படிக்கிற பிள்ளை பரீட்சை எழுதியே ஆக வேண்டுமா?

சின்ன வயதில் வேண்டியதில்லை. அமெரிக்காவில் நியூயார்க், ஓரிகன் போன்ற சில மாநிலங்களில் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் குறிப்பிட்ட வகுப்புகளில் பொதுத் தரத் தேர்வு எழுதிக் காட்ட வேண்டும். நம் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. ஆனால் பத்தாவது சான்றிதழ் இல்லாமல் பாலிடெக்னிக், கல்லூரி என்று எதற்கும் போக முடியாது. பாஸ்போர்ட்டில்கூட பத்தாவது தேறாதவர்களுக்குக் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு வந்துவிடும். ஆக, பதினாலு, பதினைந்து வயதுக்கு மேல் ஒரு தடவையாவது ஹாலுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். அதுவரை பரீட்சையையே பார்க்காத பிள்ளை முதல் தடவை பார்ப்பதே பொதுத்தேர்வாக இருக்கும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சட்டப்படி வீட்டுக்கல்வி சரியா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அது சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுக்கல்வியைப் பற்றி அனுமதி என்றும் இல்லை, தடை என்றும் இல்லை. அந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எந்தெந்த வழியில் எழுதலாம்?

பெரும்பாலானோர் போவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது எல்லோரும் சொல்கிற என்ஐஓஎஸ். 1989ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி 2002ல் இந்தப் பெயருக்கு மாறிய மத்திய அரசு அமைப்பு இது. பத்தாவதுக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும், பன்னிரண்டாவதுக்கு 15. ஒரு மொழியாவது உள்ளிட்டு ஐந்து பாடம் தேறினால் போதும், தேர்ச்சி மதிப்பெண் 33 சதவீதம். பொதுத்தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். பதிவு ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. 20 சதவீத மதிப்பெண் வீட்டிலிருந்தே எழுதித் தரும் ஒப்படைப்புகளுக்கு, அதாவது டிஎம்ஏவுக்கு.

பதற்றப்படும் பிள்ளைக்கு இந்த அமைப்பு ஒரு வரப்பிரசாதம். காரணம், ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. முதல் தடவை ஒரே ஒரு பாடம், அதுவும் பிள்ளைக்கு ரொம்பப் பிடித்த பாடம், அதை மட்டும் எழுதிப் பார்க்கலாம். ஹால் எப்படி இருக்கும், வினாத்தாள் எப்படி வரும், ரிசல்ட் எப்படிப் பார்ப்பது எல்லாம் அந்த ஒரு பேப்பரில் பழகிவிடும். இந்த வசதியை வைத்துக்கொண்டு, “ஒரே தடவையில் எல்லாத்தையும் முடிச்சிடணும்” என்று பிள்ளையை விரட்டும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். ஊரில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு இல்லாத சலுகை இது. அதை ஏன் விட வேண்டும்?

இரண்டாவது, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. எட்டாம் வகுப்புக்குப் பன்னிரண்டரை வயது ஆகியிருக்க வேண்டும். அதில் தேறிய பிறகு பதினாலரை வயதில் பத்தாவதை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்து, ஒதுக்கப்பட்ட பள்ளிக்குப் போய் வர வேண்டும். பலர் இதை மறந்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடுகிறார்கள்.

மூன்றாவது, பத்தாவதுக்கு நிகரான, கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ தேர்வு. தனித் தேர்வராக நம்மை ஏற்றுக்கொள்ளும் பள்ளியைத் தேடிப் பிடிக்க வேண்டும், செலவும் அதிகம். அறிவியலில் ஆய்வகம் போகாமல், செய்முறைக்குப் பதிலாக எழுத்துத் தாளாகவே ஒன்றை எழுதும் வசதி இருக்கிறது. வீட்டில் லேப் இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி.

திறந்தநிலைப் பள்ளியில் எழுதினால் நீட் எழுத முடியாது என்கிறார்களே?

பழைய கதை. 2018ல் அப்படி ஒரு தடை வந்தது, டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வருஷமே அதை ரத்து செய்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்திலும் விஷயம் தெளிவாகிவிட்டது. எழுதலாம்.

பாடமெல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் பரீட்சை என்றாலே என் பிள்ளைக்குக் கை நடுங்குகிறது. பள்ளிக்குப் போகாததால்தானா?

பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் நடுங்கத்தான் செய்கிறது. ஆனால் நம் பிள்ளைகளின் பயம் கொஞ்சம் வேறு ரகம். பள்ளிப் பிள்ளையின் பயம் பெரும்பாலும் மார்க்கைப் பற்றியது. வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்ற சடங்கே புதிது.

என் மகளின் முதல் பேப்பரைச் சொல்கிறேன். ஏப்ரல் மாசம், வெயில் கொளுத்துகிறது. தேர்வு மையம் நகரத்தில் ஒரு பள்ளி. அவளுக்கு அந்தப் பாடம் தண்ணீர் பட்ட பாடு. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி புரியவில்லை. வீட்டில் என்ன செய்வாள்? திரும்பி என்னிடம் கேட்பாள். அதே மாதிரி பக்கத்தில் வந்த மேற்பார்வையாளரிடம், “மேடம், இதுக்கு என்ன அர்த்தம்?” என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள். “பேசாதே!” என்று ஓர் அதட்டல். அவர்மேல் தப்பில்லை, அவர் வேலை அது. ஆனால் புரியாததைக் கேட்டால் பதில் கிடைக்கும் என்று பதினாலு வருஷம் நம்பி வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதும். இருபது நிமிஷம் எழுத்தே ஓடவில்லையாம்.

அது போகட்டும். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எச்சரிக்கை மணி அடிப்பார்கள் இல்லையா? இவள் அதையே கடைசி மணி என்று நினைத்து, ஒரு கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டுப் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். மணி அடித்து எதையும் முடித்துப் பழக்கமில்லாத பிள்ளை. பாடத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தயார் பண்ணிய நான் இதைச் சொல்லித் தரவே இல்லை. ஏனென்றால் எனக்கு அது சொல்லித் தர வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. பள்ளியில் படித்த நமக்கு ஆறு வயதிலேயே உடம்பில் ஊறிவிட்ட சமாச்சாரம் அது.

அதற்குப் பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு இது: பாடம் ஒரு படிப்பு, பரீட்சை எழுதுவது தனியாக இன்னொரு படிப்பு. வீட்டுக்கல்வியில் முதலாவது தானாக நடந்துவிடுகிறது. இரண்டாவதை உட்கார்ந்து சொல்லித் தந்தால்தான் வரும்.

பயப்படும்போது உடம்பில் என்ன நடக்கிறது? பயம் முழுக்கவே கெட்டதா?

அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, வயிறு கலக்குகிறது, கை வியர்க்கிறது. ஓரளவு பரபரப்பு இருந்தால்தான் மனசு கூர்மையாகும், அளவு மீறினால் கெடுக்கும். யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908லேயே எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வளர்ந்த கருத்து இது.

பெற்றோருக்கு இதைவிடப் பயன்படுவது 1967ல் லீபர்ட், மாரிஸ் என்ற உளவியலாளர்கள் பிரித்துக் காட்டிய இரண்டு பகுதிகள். ஒன்று உடம்பின் படபடப்பு. மற்றது மனசுக்குள் ஓடும் கவலை: “தெரியலையே, ஃபெயிலாயிடுவேனே, அம்மா என்ன சொல்லுவாங்க?” மதிப்பெண்ணை அதிகம் கெடுப்பது இரண்டாவதுதான். கணக்குப் போடும்போது இடைப்பட்ட எண்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கிறதே மனசின் ஒரு மூலை, அந்த இடத்தைக் கவலை வந்து அடைத்துக்கொள்கிறது. வீட்டில் சுலபமாகப் போட்ட கணக்கு ஹாலில் வராமல் போவது இதனால்தான். ஆகவே “கை நடுங்குதா? நடுங்கட்டும், கொஞ்ச நேரத்தில் நின்னுடும்” என்று பிள்ளையிடம் சொல்லிவிடலாம். நடுங்கவே கூடாது என்று போராடினால் அதுவே இன்னொரு கவலையாகிவிடும்.

வீட்டில் டெஸ்ட் வைத்தால் பிள்ளை பயந்துவிடாதா? அதைத் தவிர்க்கத்தானே வீட்டுக்கல்விக்கே வந்தோம்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மார்க் போட்டு, சிவப்பு மையில் சுழித்து, அதை வைத்துத் திட்டுவதுதான் பயத்தை வளர்க்கிறது. படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது வேறு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006ல் செய்த சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் நின்றது. மார்க் போடாமல் டெஸ்ட் வைக்கலாம். திருத்துவதையும் பிள்ளையையே செய்யச் சொல்லலாம்.

மாதிரித் தேர்வு எப்படி, எத்தனை வைப்பது?

என் கணக்கில் ஒரு பாடத்துக்கு மூன்று போதும். முதல் மாதிரியில் நேரக் கட்டுப்பாடு வேண்டாம், சந்தேகமும் கேட்கலாம். வினாத்தாளின் அமைப்பு பழகினால் போதும். பழைய வினாத்தாள்கள் என்ஐஓஎஸ் இணையதளத்திலேயே கிடைக்கும். இரண்டாவதில் கடிகாரம் உண்டு, கேள்வி கேட்கக் கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். அதை வீட்டில் வைக்காதீர்கள். சித்தி வீட்டு மாடி, ஊர் நூலகம், தெரிந்தவர் நடத்தும் டியூஷன் சென்டர், ஏதாவது ஓர் அன்னிய இடம். மேற்பார்வைக்கு நீங்கள் உட்காராதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது தெருவில் இருப்பார், கேட்டுப் பாருங்கள், ரொம்ப சந்தோஷமாக வருவார்கள். என் மகனுக்கு வந்த தாத்தா ஒருவர் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் நடந்த நடையிலேயே அவன் பாதிப் பயத்தைக் கழித்துவிட்டான். ஹால் டிக்கெட் மாதிரி ஒரு சீட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். விடைத்தாள் முகப்பில் பதிவு எண்ணை எழுத்திலும் எண்ணிலும் எழுதச் சொல்லுங்கள். என்ஐஓஎஸ் பதிவு எண் 12 இலக்கம், பதற்றத்தில் ஒன்றை விட்டுவிடுவது சகஜம். தண்ணீர் கேட்பது எப்படி, பாத்ரூம் போக வேண்டுமென்றால் என்ன செய்வது, எச்சரிக்கை மணி எது, கடைசி மணி எது, எல்லாவற்றையும் நடித்தே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, நேரம். என்ஐஓஎஸ் தேர்வுகள் பெரும்பாலும் பிற்பகல் இரண்டரை மணிக்கு. காலையில் படித்துவிட்டு மத்தியானம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடும் வீட்டுப் பிள்ளைக்கு அது மகா மோசமான நேரம். கடைசி ஒரு மாசம் இரண்டரை மணிக்கு மேசையில் உட்கார்ந்து எழுதிப் பழக வேண்டும். பரீட்சை நாளில் மத்தியானச் சாப்பாடு தயிர்சாதம், இரண்டு இட்லி என்று லேசாக இருக்கட்டும். நெய் ஊற்றி சாம்பார் சாதம், அப்பளம், பாயசம் என்று வாழ்த்தி அனுப்பினால் ஹாலில் கண் சொருகும்.

மூன்று மணி நேரம் எழுத என் மகனால் முடியவில்லை. விரல் வலிக்கிறது என்கிறான்.

இது பலரும் கவனிக்காத விஷயம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பேசுவார்கள், செய்வார்கள், டைப் அடிப்பார்கள். பேனாவால் பக்கம் பக்கமாக எழுதுவது குறைவு. பள்ளிப் பிள்ளை பன்னிரண்டு வருஷம் போர்டைப் பார்த்து எழுதியே கை பழகிவிடுகிறது. ஆறு மாசத்துக்கு முன்பே தினமும் இருபது நிமிஷத்தில் ஆரம்பித்து மாதா மாதம் கூட்டிக்கொண்டே போங்கள். எழுதுவது பாடமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. என் மகன் கிரிக்கெட் மேட்ச் வர்ணனை எழுதியே வேகம் பிடித்தான். எந்தப் பேனாவில் பழகுகிறானோ அதே பேனாவில் ஐந்தாறு வாங்கி வைத்துவிடுங்கள்.

ஹாலில் எல்லாம் மறந்துபோனால்?

பேனாவைக் கீழே வை. இரண்டு பாதமும் தரையில் படட்டும். மூச்சை இழுத்த நேரத்தைவிட விடும் நேரம் நீளமாக இருக்கட்டும், ஐந்தாறு தடவை. பிறகு வினாத்தாளைப் புரட்டி ரொம்பச் சுலபமான ஒரே ஒரு கேள்வியைத் தேடி அதை எழுது. என் பிள்ளைகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். ஒரு பதில் எழுதிவிட்டால் மற்றவை தானாக வரிசைகட்டும்.

ஹாலுக்குப் போகும் முன் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. பரீட்சைக்குச் சற்று முன் பத்து நிமிஷம் தங்கள் பயத்தைக் காகிதத்தில் எழுதிய, பதற்றம் அதிகமுள்ள மாணவர்கள் பரீட்சையை இன்னும் நன்றாக எழுதினார்கள் என்று ரமிரெஸ், பெய்லாக் இருவரும் 2011ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். என் மகளுக்கு இது பிடித்துப்போனது, எழுதிக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போவாள். என் மகனிடம் சொன்னால், “பயத்தை ஞாபகப்படுத்தாதீங்க” என்கிறான். பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

சொந்தக்காரர்கள் “ஸ்கூலுக்குப் போகாம பாஸ் பண்ணிடுவாளா?” என்று கேட்டே பயமுறுத்துகிறார்கள்.

கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எங்கே பார்த்தாலும் கேட்பார்கள். அவர்கள் வாயை அடைக்க முடியாது. கேள்வியைப் பிள்ளையிடம் போகவிடாமல் நீங்கள் இடைமறிக்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி அதிகம் சுடுவது பிள்ளையையா, நம்மையா? வீட்டுக்கல்வி நாம் எடுத்த முடிவு. பத்தாவது ரிசல்ட் வரும்போது நாம் செய்தது சரியா என்று ஊரே தீர்ப்புச் சொல்லப் போகிறது என்ற நினைப்பு நமக்குள் இருக்கிறது. பரீட்சைக்கு முந்தின வாரம் நான் மூன்று தடவை அலமாரியை அடுக்கினேன். மகள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “பரீட்சை உங்களுக்கா எனக்கா?” என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சின்னவன் விஷயத்தில் ஹால் டிக்கெட் பதிவிறக்குவது முதல் மையத்தை முந்தின நாளே போய்ப் பார்த்து வருவது வரை எல்லாம் அவன் அப்பா பொறுப்பு. அவருக்குப் படபடப்பே கிடையாது.

ஏழு, எட்டு வயதிலேயே ஒரு தேர்வு எழுதவைத்துப் பழக்கலாமா?

என்ஐஓஎஸ்ஸில் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு நிகரான ஏ, பி, சி நிலைகள் இருக்கின்றன. எட்டாவது நிலை சிலருக்கு உபயோகப்படும். மூன்றாவதெல்லாம் என் பார்வையில் தேவையில்லாத வேலை.

டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமப்படும் கற்றல் குறைபாடு, இருக்கும் பிள்ளைக்கு?

கூடுதல் நேரம் கேட்கலாம், மணிக்கு 20 நிமிஷம் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். மூன்று மணி நேரப் பேப்பருக்கு ஒரு மணி நேரம் சேரும். தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவரும் உண்டு. சான்றிதழ் வாங்கி, விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். வீட்டுக்கல்வியில் குறைபாடு கண்ணில் படாமலே போய்விடுவதுண்டு, ஏனென்றால் நாம் அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்துப் பழகியிருப்போம். “பயம்” என்று நாம் நினைப்பது சில சமயம் இதுவாக இருக்கலாம்.

வெளிநாட்டுப் படிப்புக்கு எஸ்ஏடி எழுத நினைக்கிறாள். அதில் பதற்றம் குறைக்க ஏதாவது?

2023 மார்ச் முதல் நம் நாட்டில் அது கணினியில்தான். 2 மணி 14 நிமிஷம், மொத்தம் 1600 மதிப்பெண். ஒவ்வொரு பிரிவும் இரண்டு பகுதியாக வரும், முதல் பகுதியை எப்படிச் செய்தாள் என்பதைப் பொறுத்து இரண்டாவதின் கடினம் மாறும். இதைப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாவது பகுதி திடீரென்று கஷ்டமானால் “போச்சு” என்று அர்த்தமில்லை, முதல் பகுதியை நன்றாகச் செய்திருக்கிறாள் என்பதற்கான அடையாளமாகவே அது இருக்கலாம். தேர்வு நடக்கும் அதே செயலியான புளூபுக்கில் முழு மாதிரித் தேர்வுகள் இலவசமாக உண்டு.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, புத்தகத்தைப் பார்த்தாலே வாந்தி, “நான் இருந்தே பிரயோஜனமில்லை” என்ற பேச்சு. இதில் கடைசியைக் கேட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416, தமிழ்நாட்டின் 104, இரண்டிலும் தமிழில் பேசலாம். பரீட்சையை அடுத்த முறைக்குத் தள்ளிவைக்கலாம், அதற்குத்தான் ஒன்பது வாய்ப்பு.

ஃபெயிலானால்?

தேறிய பாடங்கள் கணக்கில் அப்படியே இருக்கும், போன பாடத்தை மட்டும் அடுத்த முறை எழுதலாம். என் மகளுக்குக் கணக்கு முதல் தடவை போய்விட்டது. அன்று ராத்திரி அழுதாள், நாங்களும் “பரவாயில்லை” என்று உடனே ஆரம்பிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே, “அக்டோபர்ல எழுதிக்கிறேன்” என்றாள். எழுதினாள், தேறினாள்.

போன வாரம் தம்பிக்கு அவளே வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். பாடம் ஒன்றும் இல்லை. மேசையில் ஸ்பூனால் தட்டிக் காட்டிக்கொண்டு, “மணி ரெண்டு தடவை அடிக்கும்டா. முதல் மணிக்குப் பேப்பரைக் குடுத்துடாதே.”